முன்னொட்டைப் பிரித்தறிவது எப்படி? பிற மொழி கற்கும் தமிழருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு சிங்களம், ஆங்கிலம், அரபு, ஜேர்மன் என்று இன்னொரு மொழியைப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருகோணமலையில் மாலை வகுப்புகளுக்கு வருகிறவர்களோடு இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவு. சொல்லின் முன்னால் ஒட்டும் துண்டில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். அறிவுக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. முதலில் பொருளை ஊகித்துவிட்டு, பிறகு அந்த ஊகத்துக்குப் பொருந்துகிற மாதிரிச் சொல்லை வெட்டுகிறார்கள். வெட்டுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கீழே உள்ள படிகளை அந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் விடை தேவைப்படும்; ஜேர்மனுக்கான எட்டாம் படி மட்டும் விதிவிலக்கு.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி எடுத்து நான்கு நிரல் கீறுங்கள்: முழுச்சொல், முன்னொட்டு, அடிச்சொல், வேலை. முதல் நிரலைப் பேனாவாலும் மற்ற மூன்றையும் பென்சிலாலும் எழுதுங்கள். பின்னால் வரும் படிகளில் அவை நிச்சயம் மாறும்.

சொல்லின் மூலத்தைக் காட்டும் அகராதி ஒன்று வேண்டும். தமிழில் வழங்கும் வடசொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் (1924–1936) போதும். மூலச்சொல்லை ஒலி வேறுபாடு தெரியும் எழுத்தில் அது தருகிறது. இதன் அருமை ஐந்தாம் படியில் விளங்கும்.

முன்னொட்டுப் பட்டியலை மட்டும் இப்போது கையில் எடுக்காதீர்கள். பட்டியல் பொருளை முதலிலேயே சொல்லிவிடும். நீங்கள் சொல்லைப் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள். பத்திரிகை, பெயர்ப்பலகை, கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஆகியவற்றில் நீங்களே கண்ட சொற்களோடு தொடங்குங்கள்.

2. கண்ணை வாலிலிருந்து தலைக்குத் திருப்புங்கள்

நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி. எங்கள் பக்கத்து இந்த ஊர்ப்பெயர்களில் பொதுவான துண்டு கடைசியில் இருக்கிறது. இலக்கணமும் எங்களுக்கு அப்படித்தான். காலம், இடம், வேற்றுமை எல்லாம் பின்னால்தான் ஒட்டும். நன்னூல் சொல்லும் பகுபத உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். முன்னொட்டுக்கென்று அதில் ஓர் இடமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் சொல்லைப் பிரித்துப் பழகிய கண் தானாகவே வாலுக்குத்தான் போகும்.

இதை மாற்ற ஒரே ஒரு பயிற்சி. கிழக்கு ஆபிரிக்காவின் சுவாகிலி மொழியில் ‘நிலிசோமா’ என்றால் ‘படித்தேன்’. நி (நான்), லி (இறந்தகாலம்), சோமா (படி). தமிழில் படி, காலம், ஏன் (நான்). இரண்டு சொல்லையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போட்டு இணையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். சுவாகிலி படிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ‘யார் செய்தது’ என்ற செய்தி சொல்லின் முதல் எழுத்திலேயே இருக்கலாம் என்று ஒருமுறை கண்ணால் கண்டால் போதும்.

3. வெட்டுவதற்கு முன் மூன்று சோதனை

முதலாவது: துண்டை எடுத்தபின் மிச்சம் தனியே நிற்கிறதா? ‘அநீதி’யில் அ போனால் நீதி நிற்கிறது. ‘அலை’யில் எதுவும் நிற்காது.

இரண்டாவது: அதே துண்டு வேறு சொற்களிலும் அதே வேலையைச் செய்கிறதா? அநீதி, அசுத்தம், அசைவம் மூன்றிலும் அ மறுக்கிறது. சரி.

மூன்றாவது: இரண்டின் பொருளையும் கூட்டினால் முழுச்சொல்லின் பொருள் வருகிறதா?

மூன்றையும் செய்ய வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ‘மிஸ்கோல்’ நல்ல உதாரணம். ‘கோல்’ தனியே நிற்கிறது. ‘மிஸ்’ என்ற முன்னொட்டு ‘மிஸ்அண்டர்ஸ்டாண்ட்’ போன்ற சொற்களில் இருக்கிறது. அங்கே அது ‘பிழையாக’ என்று பொருள்படும். முதல் இரண்டு சோதனையும் தேறிவிட்டன. ஆனால் மிஸ்கோல் பிழையாக எடுத்த அழைப்பு இல்லை, தவறவிட்ட அழைப்பு. மூன்றாவது சோதனையில் அது விழுகிறது. அங்கே இருப்பது ‘மிஸ்’ என்ற வினைச்சொல்.

முதல் சோதனையில் மட்டும் தோற்பவையும் உண்டு. ‘அவ்வீடு’ என்பதில் அ போனால் வீடு நிற்கும். ‘அவன்’ என்பதில் அ போனால் மிச்சத்துக்குப் பொருளில்லை. முன்னதைப் புறச்சுட்டு, பின்னதை அகச்சுட்டு என்று எங்கள் இலக்கணம் பிரித்தே வைத்திருக்கிறது. ஆனாலும் அவன், இவன், எவன் என்று அடுக்கினால் முதல் எழுத்து செய்யும் வேலை தெளிவாகத் தெரிகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் உவனும் உதுவும் இன்னும் இருப்பதால் எங்களுக்கு அந்த வரிசை நான்காகவே கிடைக்கிறது. இப்படிப்பட்ட சொல்லுக்கு வேலை நிரலில் ‘பிரியாது, ஆனால் வேலை செய்கிறது’ என்று எழுதுங்கள். ஜேர்மனிலும் ஆங்கிலத்திலும் இந்த வகை நிறைய வரும்.

ஊர்ப்பெயரையே சோதித்துப் பார்க்கலாம். திருகோணமலையைத் திரி, கோணம், மலை என்று பிரிப்பவர்கள் உண்டு. திரு, கோணமலை என்று பிரிப்பவர்களும் உண்டு. சம்பந்தரின் தேவாரம் இத்தலத்தைக் ‘கோணமாமலை’ என்கிறது. ஆக, திரு இல்லாமலே பெயர் நிற்கிறது. திருக்கேதீச்சரம், திருக்கோயில் என்று அதே திரு வேறு பெயர்களிலும் வருகிறது. திருக்கோணமலை என்று ககர மெய் போட்டு எழுதும் வழக்கமும் இதற்குப் பொருந்துகிறது. என் தீர்ப்பு ‘திரு’ பக்கம்தான். ஆனால் கொப்பியில் தீர்ப்பை மட்டும் எழுதாமல் சான்றையும் எழுதுங்கள். சான்று இல்லாத வெட்டு வெறும் விருப்பம்.

4. மாறிப்போன எழுத்தை மீட்டெடுங்கள்

முன்னொட்டு ஒட்டும்போது ஒலி மாறும். மாறிய உருவத்தைத் தனி முன்னொட்டு என்று எண்ணுவது மிகப் பரவலான பிழை.

தமிழில் இது பழகிய விஷயம். அ என்ற ஒரே சுட்டுத்தான் அக்கடல், அவ்வூர், அம்மலை என்று வருகிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ என்ற மறுப்பு முன்னொட்டும் அப்படியே: இம்பொசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். அடிச்சொல்லின் முதல் ஒலிக்கு ஏற்ப அது வளைந்து கொடுக்கிறது. நான்கு முன்னொட்டு என்று மனப்பாடம் செய்தால் நான்கு மடங்கு வேலை. ஒன்று என்று தெரிந்தால் எழுத்துக்கூட்டலும் தானாக வரும். இல்லீகலில் ஏன் இரண்டு எல் என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது.

குர்ஆன் ஓதிப் பழகிய கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் படியைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அரபின் ‘அல்’ சில எழுத்துகளின் முன் அந்த எழுத்தாகவே மாறும்: அல்-கமர் (சந்திரன்), ஆனால் அஷ்-ஷம்ஸ் (சூரியன்). 28 எழுத்தில் 14 எழுத்துகள் இப்படி மாற்றுபவை. ஓதப் பழகிய பிள்ளைக்கு இது காதிலேயே இருக்கும். ஆங்கில வகுப்பில் அதை நினைவுபடுத்தினால் போதும்.

மீட்டெடுக்காவிட்டால் அகராதியில் சொல்லைத் தேடவே முடியாமல் போகலாம். மலாய் மொழியில் ‘துலிஸ்’ (எழுது) என்பது முன்னொட்டுச் சேர்ந்து ‘மெனுலிஸ்’ ஆகும், தகரம் மறைந்துவிடும். அடிச்சொல் வரிசையில் அமைந்த அகராதியில் ‘உலிஸ்’ என்று தேடினால் கிடைக்காது.

வடசொற்களில் கவனிக்க ஒன்று. அ + நீதி என்பதால் அநீதி. அங்கே ந அடிச்சொல்லுக்கு உரியது. அன் + ஆதி என்பதால் அனாதி. அங்கே ன முன்னொட்டுக்கு உரியது. வழக்கில் இந்த வேறுபாட்டை எல்லோரும் காப்பதில்லை. கொப்பியில் நீங்கள் காப்பாற்றுங்கள். எங்கே வெட்டியது என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும்.

5. தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிபவற்றைப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கெட்டிக்காரப் பிள்ளைகளும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

‘அதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதிவேகம், அதிசயம், அதிகாரம், அதிபர். நான்கிலும் ஒரே துண்டு போலத் தெரியும். வடமொழியில் இவை இரண்டு. வல்லொலித் தகரம் உள்ளது ‘மிஞ்சிய, கடந்த’ என்று பொருள்படும். அதிசயம் அந்த வகை. மூச்சோடு வரும் மெல்லொலித் தகரம் உள்ளது ‘மேலிருந்து ஆளும்’ என்று பொருள்படும். அதிகாரமும் அதிபரும் அந்த வகை. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பாடசாலை அதிபரை ‘அளவுக்கு மிஞ்சியவர்’ என்று விளக்கப் போனால் விபரீதம். சிங்கள எழுத்து இரண்டையும் வேறாகவே எழுதுவதால், சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவே ஒரு நல்ல கருவி. ஜனாதிபதிக்கு முன்னால் போடும் சிங்கள ‘அதிகரு’வில் இருப்பதும் தமிழ் ‘அதிமேதகு’வில் இருப்பதும் ‘மிஞ்சிய’ அதி. ‘ஜனாதிபதி’ என்பதற்குள்ளே ஒளிந்திருப்பதோ ‘ஆளும்’ அதி. ஒரே விளிப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அடுத்தது அபயமும் அபாயமும். ஒரு கால் எழுத்துத்தான் வித்தியாசம் என்று தோன்றும். அபயம் என்பது அ + பயம்: பயமின்மை, அதனால் அடைக்கலம். அபாயம் என்பதில் முன்னொட்டு அப (விலகி). அடி ‘செல்’ என்னும் வினை. அதே அடியில் உப (நெருங்கி) சேர்ந்தால் உபாயம். ஆக, அபாயத்துக்கு உறவு உபாயம்தான். அபயம் அயல் வீடு.

மூன்றாவது, ‘காரம்’ என்று முடியும் கூட்டம். ஆகாரம், பரிகாரம், சங்காரம் மூன்றிலும் மூலத்தில் ஹகரம். அடிப்பொருள் ‘எடு, கொண்டுபோ’. உபகாரம், அதிகாரம், விகாரம் மூன்றிலும் ககரம், அடிப்பொருள் ‘செய்’. தமிழ் எழுத்தில் ஹகரமும் ககரமாகிவிட்டதால் எல்லாம் ஒரே குடும்பம் போல நிற்கின்றன. இலக்கணத்தில் வரும் விகாரம் (மாற்றம்) ‘செய்’ குடும்பம். பௌத்த விகாரை ‘கொண்டுபோ’ குடும்பம். இரண்டிலும் ‘வி’ இருக்கிறது, அடி வேறு. சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் லெக்சிக்கனைத் திறந்து மூல எழுத்தைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

6. அந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது?

இப்போதுதான் நான்காம் நிரல். மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

பொருளை மாற்றுகிறதா? நீதி, அநீதி. இரண்டும் பெயர்ச்சொல், பொருள் மட்டும் மாறியது. இங்கேயும் எந்த வகைச் சொல்லில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆங்கில ‘அன்’ பெயரடையில் ஒட்டினால் மறுப்பு: ‘அன்லக்கி’, அதிர்ஷ்டம் இல்லாத. வினையில் ஒட்டினால் செய்ததைத் திருப்புவது: ‘அன்டை’, கட்டியதை அவிழ்ப்பது. அன்டை என்பதைக் ‘கட்டாமல் இரு’ என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்.

எல்லா ‘இன்’னும் மறுப்பு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எரிபொருள் பவுசரில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று கண்டால் ‘எளிதில் தீப்பற்றும்’ என்று பொருள். அந்த ‘இன்’ உள்நோக்கிய செயலைக் குறிக்கும் வேறு முன்னொட்டு. ‘தீப்பற்றாது’ என்று வாசிப்பது உயிருக்கு ஆபத்து. அதனால்தான் இன்று பலர் ‘இன்’ இல்லாத ‘ஃபிளேமபிள்’ என்ற வடிவத்தை எழுதுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

சொல்வகையை மாற்றுகிறதா? ஸ்டூடியோவில் படத்தை ‘என்லார்ஜ்’ பண்ணச் சொல்கிறோம். லார்ஜ் பெயரடை; ‘என்’ சேர்ந்ததும் வினை. அரபின் ‘ம’ இதைவிட அழகாக வேலை செய்கிறது. சுஜூது (நெற்றி நிலத்தில் பட வணங்குதல்) செய்யும் இடம் மஸ்ஜித். தர்ஸ் (பாடம்) நடக்கும் இடம் மத்ரஸா. கிதாப் (புத்தகம்) என்பதன் அடியிலிருந்து, எழுதப் படிக்கும் இடம் மக்தப். மூன்று சொல்லும் எங்கள் மாவட்டத்தில் தினமும் காதில் விழுபவை. மெய்யெழுத்துகளை மட்டும் கீழே கீழே எழுதிப் பாருங்கள்: ஸ-ஜ-த, த-ர-ஸ, க-த-ப. முன்னால் வந்த மகரம் செயலை இடமாக்கிவிட்டது.

இலக்கணத்தைச் சுமக்கிறதா? இதைத்தான் தமிழ்க் கண் கடைசியில் காண்கிறது. அரபில் யக்துபு (அவன் எழுதுகிறான்), அக்துபு (நான் எழுதுகிறேன்), நக்துபு (நாங்கள் எழுதுகிறோம்): யார் என்பது முன்னால். அதே வினை இறந்தகாலத்தில் கதப, கதப்து என்று வாலில் மாறும். ஆக, ஆள் முன்னாலா பின்னாலா என்பதே காலத்தையும் காட்டிவிடுகிறது. மலாயில் ‘மெனுலிஸ்’ எழுதும் ஆளை முன்நிறுத்தும். ‘டிதுலிஸ்’ எழுதப்பட்ட பொருளை முன்நிறுத்தும். தமிழில் ‘படு’ சேர்த்துச் செய்வதை அங்கே ஒரு முன்னொட்டு செய்கிறது.

சிங்களத்தில் ‘கியொத்’ போனால், ‘நொகியொத்’ போகாவிட்டால். மறுப்பு முன்னால் வருகிறது. இதைப் படித்த உற்சாகத்தில் எல்லா வினைக்கும் முன்னால் ‘நொ’ போடத் தொடங்குகிறார்கள். பேச்சுச் சிங்களத்தில் வாக்கியத்தை முடிக்கும் வினைக்கு மறுப்பு பின்னால் வரும்: ‘யன்னே நே’. எனவே நான்காம் நிரலில் ‘மறுப்பு’ என்று மட்டும் எழுதாமல், வாக்கியத்தின் நடுவிலா முடிவிலா என்றும் எழுதுங்கள்.

சுவாகிலியில் முன்னொட்டு வாக்கியம் முழுவதையும் கட்டும். ‘கிதாபு கிகுப்வா கிமோஜா’ ஒரு பெரிய புத்தகம். ‘விதாபு விகுப்வா விதாத்து’ மூன்று பெரிய புத்தகங்கள். இது அரபிலிருந்து போன கிதாப்தான். அரபில் அந்தக் கி முன்னொட்டு இல்லை, அதன் ககரம் வேரின் ஒரு பகுதி. சுவாகிலி பேசியவர்கள் அதைத் தங்கள் முன்னொட்டாகக் கேட்டு, பன்மைக்கு வி போட்டுவிட்டார்கள். ஒரு துண்டு முன்னொட்டா இல்லையா என்பதை அந்தந்த மொழிக்குள் இருந்துதான் முடிவு செய்ய முடியும்.

7. இரண்டு மூன்று ஒட்டு இருந்தால் எது முதலில் ஒட்டியது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உரியுங்கள். உரித்த ஒவ்வொரு முறையும் மிச்சம் உண்மையான சொல்லா என்று பாருங்கள்.

பத்திரிகையில் அடிக்கடி வரும் ‘துஷ்பிரயோகம்’: துஷ் போனால் பிரயோகம், பிர போனால் யோகம். மாற்றி உரிக்க வழியில்லை. ஆங்கில ‘அன்லொக்கபிள்’ வேறு மாதிரி. ‘அன்’ கடைசியில் ஒட்டியதென்றால் ‘பூட்ட முடியாத’ கதவு. முதலில் ஒட்டியதென்றால் ‘பூட்டைத் திறக்கக்கூடிய’ கதவு. இரண்டு வெட்டும் சரி. எது என்பதை வாக்கியம்தான் சொல்லும். கொப்பியில் இரண்டு வரியாக எழுதுங்கள்.

8. பிரிந்து ஓடும் முன்னொட்டுகள்

குடும்பத்தோடு சேர ஜேர்மனி போவதற்கு ஏ1 (தொடக்கநிலை ஜேர்மன்) பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இந்தப் படி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

‘அவுஃப்ஷ்டேஎன்’ என்றால் எழும்புதல். ‘நான் எழும்புகிறேன்’ என்று சொல்லும்போது அவுஃப் கழன்று வாக்கியக் கடைசிக்குப் போய்விடும். ‘ஃபெர்ஷ்டேஎன்’ (விளங்குதல்) என்பதில் ஃபெர் ஒருபோதும் கழலாது. எப்படி அறிவது? அழுத்தத்தைக் கேளுங்கள். முன்னொட்டில் அழுத்தம் விழுந்தால் கழலும். அடியில் விழுந்தால் கழலாது. அதனால் புதுச்சொல்லை எழுதும்போதே அழுத்தம் விழும் இடத்தில் கோடு போடுங்கள். ‘உம்ஃபாரென்’ என்ற சொல்லில் உம் மேல் அழுத்தினால் ‘மோதித் தள்ளு’. ஃபா மேல் அழுத்தினால் ‘சுற்றிப் போ’. எழுத்து ஒன்றுதான்.

வாசிக்கும்போது செய்ய வேண்டியது: வினையைக் கண்டதும் அகராதியைத் திறக்காமல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

9. தமிழுக்குத் திரும்பும்போது

முன்னொட்டை முன்னொட்டாலேயே மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாலில்தான்: மகிழ்ச்சியற்ற, முடிவில்லாத. எல்லாவற்றுக்கும் அ போட்டால் ‘அமகிழ்ச்சி’ மாதிரிச் சொற்கள் பிறக்கும். அவநம்பிக்கை, அதிகாலை, துர்நாற்றம் ஆகியவற்றில் வட முன்னொட்டு தமிழ்ச்சொல்லில் ஒட்டி நிலைத்துவிட்டது உண்மைதான். அவை வழக்கு ஏற்றுக்கொண்டவை. புதிதாக உண்டாக்குமுன் யாராவது அப்படிப் பேசுகிறார்களா என்று கேளுங்கள்.

ஆங்கில ‘ரீ’தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அது ‘திரும்ப’ என்றும் ‘மறுபடி’ என்றும் இரண்டு பொருள் தரும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது: மீள், மறு. தமிழ்நாட்டில் மறு அதிகம், இங்கே மீள் அதிகம் என்று பொதுவாகச் சொல்லலாம். அங்கே மறுசுழற்சி என்பதை இங்கே மீள்சுழற்சி என்கிறோம். இதை வெறும் நாட்டு வழக்கு என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மறுநாள், மறுமணம், மறுபிறவி எல்லாம் இன்னொன்றைக் குறிக்கின்றன. மீள் என்பது போன இடத்துக்கே திரும்பி வருவது. எங்கள் மாவட்டத்துச் சம்பூர் மக்கள் போரினால் 2006 இல் இடம்பெயர்ந்தார்கள். 2015 இலிருந்துதான் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அது மீள்குடியேற்றம். சொந்த ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுத்தால் அது மறுகுடியேற்றம். ஆங்கிலப் படிவத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் ‘ரீசெட்டில்மென்ட்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. அந்தக் குடும்பம் முன்பு எங்கே இருந்தது என்று கேட்டறிந்த பிறகு எழுதுங்கள்.